லினோவை அரித்து அச்சிடுதல்: முதலில் சோடாவா, கத்தியா?

லினோ, அதாவது லினோலியம் என்ற தரை விரிப்பை வெட்டி அச்சிடும் வேலையில், கறுப்பு நிறத்துக்கான அச்சுக் கட்டை இரண்டாவது முறையில்தான் சரியாக வந்தது. முதல் முறையில் வடிவங்களை வெட்டி முடித்துவிட்டு, அதன் பிறகு காஸ்டிக் சோடாவால் அரித்தோம். சோடா வெட்டுப் பள்ளங்களுக்குள் இறங்கிப் பக்கச் சுவர்களைத் தின்றது. கத்தி விட்டுச்சென்ற கூரான விளிம்பு எதுவும் மிஞ்சவில்லை. வரிசையைத் திருப்பிப் போட்டு, வெட்டாத லினோவை முதலில் அரித்து, நன்றாகக் காயவைத்து, அதன்மேல் கத்தியை ஓட்டியபோது நினைத்தது கிடைத்தது: ஒரு பக்கம் மணல் தூவியதுபோன்ற கறுப்பு, அதை ஒட்டியே சுத்தமான வெள்ளைக் கோடு. வேலை 20 × 25 செ.மீ. அளவில் ஓர் அரூப அச்சு. காவி மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என மூன்று நிறம், இரண்டு கட்டை.

எதற்காக அரிக்க வேண்டும்? மரக்கட்டையில் மரமே பாதிப் படத்தைப் போட்டுக் கொடுத்துவிடும். ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1944இல் செய்த 'டிலாலோக்' அச்சில் மரத்தின் வரிகள்தான் பின்னணி. அவர் செதுக்கியவை சில நேர்கோடுகள் மட்டுமே. லினோவில் அப்படி வரி எதுவும் கிடையாது. கத்தி எந்தத் திசையிலும் ஒரே மாதிரி போகும் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் உருவம் எதுவும் இல்லாத அரூப அச்சில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வடிவம் வந்தால் அது உயிரில்லாமல் கிடக்கும். இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியின் கிரேட் பார்ட்ஃபீல்ட் கிராமத்தில் வேலை செய்த அச்சுக் கலைஞர் மைக்கேல் ராத்தென்ஸ்டீன் இதற்குக் கையாண்ட வழிகளில் ஒன்று காஸ்டிக் சோடா. பாரிஸில் செப்புத் தகட்டு அச்சுக் கலைஞர் ஹேய்ட்டரின் 'அட்லியே 17' பட்டறையிலும் இருந்தவர் அவர். செப்புத் தகட்டை அமிலம் அரிக்கும் உலகத்தை அறிந்த ஒருவருக்கு லினோவையும் அரித்துப் பார்க்கத் தோன்றியது இயல்புதான். இங்கே செய்தது அவருடைய எந்தப் படத்தின் நகலும் அல்ல. முறை மட்டும் அந்தக் காலத்தது.

முதலில் லினோ. உண்மையான லினோலியம் ஆளி விதை எண்ணெய், பைன் பிசின், கார்க் தூள் அல்லது மரத்தூள், சுண்ணாம்புக்கல் தூள் ஆகியவற்றைப் பிசைந்து சணல் துணிமேல் பரப்பியது. காஸ்டிக் சோடா அந்த எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடுகிறது. பிடிமானம் போனதும் தூள்கள் உதிர்கின்றன. அரிப்பு என்பது அவ்வளவுதான். தரை விரிப்புக் கடைகளில் லினோ என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பது வினைல். அதில் சோடா இரவு முழுக்கக் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. கண்டுபிடிப்பது எளிது: ஊசியைச் சூடாக்கிக் குத்தினால் வினைல் உருகி நூல் இழுக்கும், லினோ கருகும், எண்ணெய் காய்ந்த வாடை வரும். பின்பக்கம் சணல் நெசவும் தெரியும். 3.2 மி.மீ. தடிமன் உள்ள சாம்பல் நிற லினோ போதும். சோதனைக்கென்று 5 செ.மீ. அகலத் துண்டு ஒன்றைத் தனியாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

லினோ ஆலையிலிருந்து வரும்போதே மேலே ஒரு மெல்லிய மெருகு இருக்கும். அதை எடுக்காவிட்டால் சோடா தீவு தீவாகக் கடிக்கும். 400 எண் உப்புத்தாளைக் கொஞ்சம் தண்ணீர் தொட்டு, வட்டமாகத் தேய்த்து, பளபளப்பு முழுக்கப் போகும்வரை எடுத்தோம். பிறகு மினரல் டர்பென்டைன் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. பின்பக்கச் சணலில் ஈரம் ஏறினால் கட்டை சுருண்டுகொள்ளும். அதனால் பின்பக்கத்துக்கும் நான்கு ஓரங்களுக்கும் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் பிளாக் ஜப்பான் இரண்டு பூச்சு. அது தார் கலந்த வார்னிஷ். சோடாவின் காரம் அதைத் தொடாது. ஒவ்வொரு பூச்சும் ஒரு நாள் காய வேண்டும்.

சோடா கடிக்கக் கூடாத இடங்களை மூடும் தடுப்புப் பூச்சு விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கையில் பிரெஞ்ச் பாலிஷ் இருக்கிறதே என்று அரக்கைப் பூசினால், சோடா பட்டதும் அது ஊதா கலந்த பழுப்பாகக் கரைந்து ஓடும். அரக்கு காரத்தில் கரையும் பொருள். எண்ணெய் பெயின்ட்டும் அப்படியே. பழைய பெயின்ட்டை உரிக்கவே காஸ்டிக் சோடாவைப் பயன்படுத்துகிறார்கள். நிற்பவை இரண்டு: சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி மெழுகு, பிளாக் ஜப்பான். மெழுகை உருக்கிப் பழைய தூரிகையால் இழுத்தால் தூரிகையின் தடம் அப்படியே அச்சில் வரும். அரூப வேலைக்கு அதுவே பெரிய செல்வம். பிளாக் ஜப்பான் கூரான எல்லை வேண்டிய இடத்துக்கு ஏற்றது. மெழுகு பூசிய இடம் மேடாக நின்று கறுப்பாக அச்சாகும், திறந்த இடம் கடிபட்டுச் சாம்பலாகவோ வெள்ளையாகவோ வரும் என்பதை மனதில் வைத்துத்தான் தூரிகையை எடுக்க வேண்டும்.

குளிர்ந்த லினோமேல் மெழுகு ஒட்டாது. பட்டதும் உறைந்து, மேலே தகடாக உட்கார்ந்துகொள்ளும். அரை மணி நேரத்தில் சோடா அடியில் புகுந்து தூக்கிவிடும். சோதனைத் துண்டில் நடந்தது இதுதான். முடி உலர்த்தியால் கட்டையைக் கை பொறுக்கும் சூடுவரை ஏற்றிவிட்டுப் பூசினால் மெழுகு ஊறிப் பிடிக்கிறது. மெழுகு புகை வரும் அளவுக்குச் சூடாகக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சிறு கிண்ணத்தை வைத்து உருக்குவதே பாதுகாப்பு.

இனி சோடா. கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கைவரை ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், வெளியில் திறந்த இடம். இவற்றில் எதையும் விடக் கூடாது; கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வைக்கே ஆபத்து. அலுமினியத் தட்டோ கரண்டியோ அருகில் வரக் கூடாது. சோடா பட்டதும் நுரைத்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். நாங்கள் எடுத்தவை தடித்த பிளாஸ்டிக் குவளையும் பிளாஸ்டிக் கரண்டியும்.

அளவு: ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீர் 200 மி.லி., காஸ்டிக் சோடாச் செதில் 50 கிராம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாமேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சாதாரணத் தண்ணீரில் 50 கிராமையும் ஒரேயடியாகக் கொட்டினால் கலவை 80 டிகிரியைத் தாண்டும். நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றும் கரைந்து சூடு தணிந்த பிறகு அடுத்தது. முழுக்க ஆறவிட்டு வைத்தோம். சூடான கரைசல் மெழுகைக் கிளப்பிவிடும்.

இது தண்ணீராக இருந்தால் ஓடும். பசையாக்கினால் வைத்த இடத்தில் நிற்கும். அதற்கு விலை கூடிய பசைத்தூள் வேண்டியதில்லை: இரண்டு மேசைக்கரண்டி மரவள்ளி மாவை 60 மி.லி. தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஆறிய சோடாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளற வேண்டும். அடுப்பே இல்லாமல் மாவு வெந்ததுபோல் கண்ணாடி நிறத்தில் கெட்டியாகும். காரம் ஸ்டார்ச்சைக் குளிர்நிலையிலேயே வீங்க வைக்கிறது. மைதாவும் ஆகும், நிறம் மஞ்சளாக இருக்கும். கிடைத்த பசை 20 × 25 செ.மீ. பரப்பில் 4 மி.மீ. தடிமனுக்குப் போதுமானதாக இருந்தது. மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி விடுங்கள். காற்றில் பசை காய்ந்தால் கடி நின்றுவிடும்.

எவ்வளவு நேரம் என்பதைச் சோதனைத் துண்டுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு லினோவும் வயதைப் பொறுத்து வேறுபடும். பழையது இறுகி மெதுவாகக் கடிபடும், வெயில் நாளில் வேலை வேகமாகும். நாங்கள் பார்த்த துண்டில் அரை மணி நேரத்தில் பரப்பு பழுப்பாகி மேல் தோல் மட்டும் சொரசொரத்தது. அச்சில் கறுப்புக்குள் ஊசிமுனை வெள்ளைகள். இரண்டு மணி நேரத்தில் விரல் நகத்தால் உணரும் பள்ளம், அச்சில் நடுச் சாம்பல். நான்கு மணி நேரத்தில் திறந்த பரப்பு நன்றாக இறங்கிவிட்டது. மை உருளை அங்கே அரைகுறையாகத்தான் தொடுகிறது. துண்டு துண்டான புள்ளிகள் மட்டும் விழுகின்றன. அதற்கு மேல் போனால் மெழுகின் அடியிலும் பக்கவாட்டில் கடித்து, மெல்லிய தூரிகைத் தடங்கள் கழன்றுவிடும். படத்துக்கு மூன்று தோற்றமும் வேண்டியிருந்தது. அதனால் பசையை முழுக்கப் பரப்பி, அரை மணியில் ஒரு பகுதியை வழித்து, கழுவித் துடைத்து, மெழுகிட்டு மூடி, மற்ற இடங்களுக்குப் புதுப் பசை வைத்தோம். இரண்டு மணியில் இன்னொரு பகுதி. செப்புத் தகட்டில் படிப்படியாக மூடி அரிப்பதும் இதே கணக்குத்தான்.

வழிக்கப் பழைய பிளாஸ்டிக் அட்டை நல்லது. பசையோடு பழுப்புச் சேறாக லினோ வரும். பெரிய வாளித் தண்ணீரில் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு முறை, மறுபடி நல்ல தண்ணீரில் ஒரு முறை. வழுவழுப்பு இருக்கும்வரை சோடா இருக்கிறது என்று பொருள். பிரஷ்ஷை அழுத்தமாக ஓட்ட வேண்டும்: தளர்ந்த தூளை இப்போதே எடுக்காவிட்டால் அது பின்னால் மை உருளையில் ஒட்டிக்கொண்டு எல்லா அச்சிலும் அழுக்காக வரும். கழுவிய கட்டையை இரண்டு பலகைக்கு நடுவில் செய்தித்தாளோடு வைத்து, மேலே கனம் ஏற்றி இரண்டு நாள் விட்டோம். காயும் முன் வெட்டினால் விளிம்பு ரொட்டிபோல் உதிர்கிறது.

மெழுகை மரச் சட்டத்தால் சுரண்டிவிட்டு மிச்சத்தை மினரல் டர்பென்டைனில் துடைக்க வேண்டும், ஒன்றுக்கு இரண்டு முறை. மெழுகின் சுவடு இருந்த இடத்தில் மை பிடிக்காது. முதல் சோதனை அச்சில் வட்ட வட்டமாக வெள்ளை விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

அதன் பிறகே கத்தி. கோட்டுக்கு 1 மி.மீ. 'வி' கத்தி, சுத்தம் செய்ய 3 மற்றும் 8 மி.மீ. 'யு' கத்திகள். தோல் பட்டையில் பச்சைத் தீட்டுக்கட்டியைத் தேய்த்து அடிக்கடி தீட்டிக்கொண்டே வெட்ட வேண்டும். லினோவில் இருக்கும் சுண்ணாம்புத் தூள் முனையைச் சீக்கிரம் மழுக்கும். அரித்த பரப்பில் கத்தி கொஞ்சம் துள்ளுகிறது. கட்டையை வெயிலில் ஐந்து நிமிடம் காட்டினால் இளகி, ஒரே இழுப்பில் போகிறது. பள்ளத்தின் சுவர் வெளிநோக்கிச் சரிந்து இருக்கட்டும். உள்நோக்கிக் குடைந்தால் மெல்லிய கோடுகள் உருளையின் அழுத்தத்தில் ஒடியும். மற்ற கை எப்போதும் கத்திக்குப் பின்னால். கட்டை நகராமல் இருக்க மேசை விளிம்பில் மாட்டும் கொக்கிப் பலகை.

இங்கே ஒரு தேர்வு செய்ய வேண்டியிருந்தது. அகலமான வெள்ளை இடங்களைச் செதுக்கும்போது கத்தித் தடங்களின் முகடுகள் நிற்கும். அவையும் மை வாங்கிக் கீறல்களாக அச்சாகும். விளக்கப்படத்தில் அது அழுக்கு. அரூப அச்சில் பலர் அதை வேண்டுமென்றே விடுகிறார்கள். அரித்த மணல் பரப்பு ஏற்கனவே பேசிக்கொண்டிருக்கும் படத்தில் கீறலும் சேர்ந்தால் இரைச்சல் என்று தோன்றியது. எல்லா முகடுகளையும் 2 மி.மீ. ஆழத்துக்கு எடுத்துவிட்டோம். இப்போது பார்த்தாலும் அது சரியான முடிவு.

நிறக் கட்டையை அரிக்கவில்லை. காவியும் சிவப்பும் ஒரே கட்டையிலிருந்து: முதலில் காவிக்கு வேண்டியதை வெட்டி எல்லாத் தாளிலும் அச்சிட்டுவிட்டு, அதே கட்டையில் இன்னும் வெட்டி, மிஞ்சியதைச் சிவப்பில் அச்சிடுவது. பிகாஸோ பிரான்ஸின் வல்லோரிஸில் அச்சாளர் ஹிடால்கோ அர்னேராவோடு 1959 முதல் செய்த லினோகட்களால் பெயர்பெற்ற வழி இது. திரும்பிப் போக வழி கிடையாது. 12 நல்ல அச்சு வேண்டும் என்றால் முதல் நிறத்தையே 18 தாளில் போட வேண்டும். 1920களில் லண்டனின் கிராஸ்வெனர் பள்ளியில் கிளாட் ஃபிளைட் கற்றுக்கொடுத்தது வேறு பாதை: நிறத்துக்கு ஒரு கட்டை, எல்லாவற்றையும் கட்டிப்போடும் கறுப்புக் கோட்டுக் கட்டை கிடையாது, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூன்றாவதைப் பிறப்பிக்கும். அந்தப் பாடத்தை இங்கே கறுப்புக்கும் வைத்துக்கொண்டோம்: கறுப்பு எந்த நிற வடிவத்தின் எல்லையையும் தொடர்ந்து ஓடவில்லை, குறுக்கே போகிறது. அதனால் அரை மி.மீ. நகர்ந்தாலும் கண்ணுக்குக் குறையாகத் தெரியாது.

ஆனாலும் பொருத்தம் வேண்டும். 40 × 50 செ.மீ. பலகையில் கட்டைக்கு ஓர் 'எல்' சட்டம், தாளுக்கு இன்னொரு 'எல்' சட்டம், அது கட்டையின் உயரத்துக்கு. இரண்டு கட்டையும் ஒரே அளவாக, மூலைகள் 90 டிகிரியாக இருந்தால்தான் இந்தச் சட்டம் பயன்படும். நிறக் கட்டையின் வடிவங்களைக் கறுப்புக் கட்டைக்கு மாற்ற ஓஎச்பி ஷீட் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் ஓர் அச்சு எடுத்து, ஈரம் இருக்கும்போதே அதே சட்டத்தில் மற்ற கட்டைமேல் வைத்துத் தேய்த்தோம். ஷீட் நீளாது, சுருங்காது. இடவலமும் சரியாக விழும்.

மைக்கு ஆஃப்செட் அச்சக மை. சிவகாசி போன்ற ஊர்களில் சிறு டப்பாவாகவே கிடைக்கும், நிறச்செறிவு அதிகம். ஆனால் கையால் அச்சிட அது ஒட்டும் தன்மை மிகுந்தது. மெல்லிய தாளின் நாரை உரித்துவிடும். ஒரு தேக்கரண்டி மைக்கு இரண்டு துளி ஆளி விதை எண்ணெய், இளகிவிட்டால் மெக்னீசியம் கார்பனேட் தூள் ஒரு சிட்டிகை. காவியும் சிவப்பும் நிறமில்லாத மையில் பாதிக்குப் பாதி கலந்தவை. காவிமேல் சிவப்பு ஏறும்போது அடி நிறம் தெரிய வேண்டும். கண்ணாடிப் பலகையில் உருளை ஓடும்போது எண்ணெயில் கடுகு போட்டதுபோல் மெல்லிய சடசடப்பு கேட்டால் அளவு சரி. பச்சென்று ஒட்டும் சத்தம் வந்தால் மை கூடுதல்.

அரித்த கட்டையில் உருளைதான் சாம்பலின் அளவை முடிவு செய்கிறது. இது இந்த வேலையில் கிடைத்த மிகப் பயனுள்ள செய்தி. கெட்டியான ரப்பர் உருளையில் மெல்லிய மையோடு ஓட்டினால் மேட்டு நுனிகள் மட்டும் மை வாங்கி வெளிர் சாம்பல் வருகிறது. மெத்தான உருளை பள்ளத்துக்குள் இறங்கி, அதே இடத்தைக் கிட்டத்தட்டக் கறுப்பாக்குகிறது. கெட்டி உருளையைத் தேர்ந்தோம். ஐந்தாறு அச்சுக்குப் பிறகு நுண்குழிகளில் மை தேங்கி மணல் மங்கத் தொடங்கும். அப்போது மை போடாமல் இரண்டு செய்தித்தாள்களை வைத்துத் தேய்த்து எடுத்தால் மீண்டும் திறக்கிறது. டர்பென்டைனால் கழுவினால் முழுக்கக் காயும்வரை காத்திருக்க வேண்டும். ஈரக் குழியில் மை நீர்த்து ஓடும்.

தாள் லோக்தா எனும் நேபாளக் கைவினைத் தாள், ஏறத்தாழ 50 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 50 கிராம்). மேலே பட்டர் பேப்பர் வைத்து எவர்சில்வர் கரண்டியின் முதுகால் சிறு வட்டங்களாகத் தேய்த்தோம். தடித்த கைவினைத் தாளும் அழகுதான், ஆனால் அதற்கு அழுத்த எந்திரம் வேண்டும். கரண்டிக்கு அது வசப்படாது. எந்திரத்தில் போட்டால் அழுத்தம் தாளைக் குழிகளுக்குள் தள்ளிச் சாம்பல் இன்னும் கறுக்கும், அதையும் கணக்கில் எடுங்கள். ஒவ்வொரு நிறமும் காய மூன்று நாள். மழைக்காலத்தில் ஒரு வாரம்கூட ஆகும். காவியைத் தடிமனாகப் போட்ட தாள்களில் சிவப்பு வழுக்கிக்கொண்டு கண்ணாடிபோல் மின்னியது. அவற்றை ஒதுக்கினோம்.

செலவு: லினோ இரண்டு துண்டும் சோதனைத் துண்டும் சேர்த்து ₹800 அளவில், மூன்று மை ₹900, தாள் ₹700, சோடா, மாவு, மெழுகு, வினிகர் எல்லாமாக ₹250, பிளாக் ஜப்பானும் டர்பென்டைனும் ₹300. கத்தியும் உருளையும் ஏற்கனவே இருந்தவை.

அடுத்த கட்டையில் மாற்ற வேண்டியவை சில. அரிக்கும் முன்பே லினோவை 6 மி.மீ. ஒட்டுப்பலகையில் நீர்புகாப் பசையால் ஒட்டிவிட வேண்டும். எத்தனை பூச்சு கொடுத்தாலும் ஒரு மூலை கொஞ்சம் சுருளத்தான் செய்தது. அரித்த இடத்துக்குள் கறுப்புத் துண்டு தனியே நிற்க வேண்டுமானால் அதன் மெழுகு எல்லையைத் தேவைக்கு மேல் 3 மி.மீ. அகலமாகப் பூசி, பிறகு கத்தியால் உள்ளே வெட்டி எடுக்க வேண்டும். அப்போது எந்த விளிம்பிலும் சோடா தொட்ட தடம் இருக்காது. மிச்சமான சோடாப் பசையைச் சேமிக்க முயல வேண்டாம். சோடா காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி வலுவிழந்துவிடும். வாளித் தண்ணீரில் நன்றாக நீர்த்து, வினிகர் விட்டு, கையுறையோடு சாக்கடையில் மெதுவாக ஊற்றுங்கள். செடிகள் பக்கம் வேண்டாம்.